கோர்னாஸ் சிரா: பெட்டியாக வாங்கலாமா?

கேள்வி: பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில், கோர்னாஸ் ஊரில் ஒரு குடும்பம் தலைமுறையாக நடத்தும் தோட்டத்தில் அவர்களுடைய புது சிரா (ஒரு கறுப்புத் திராட்சை வகை) வைனைச் சுவைத்தோம். வாய் இழுத்துக்கொள்ளும் அளவுக்குத் துவர்ப்பு. "பத்து வருடம் வைத்துக் குடியுங்கள், 12 பாட்டில் எடுங்கள்" என்கிறார்கள். நம்பலாமா? பாரிசில் எங்களுக்கு அடுக்குமாடி வீடு.
- வாசகர், பாரிஸ்

பதில்: பத்து வருடக் கணக்கை நம்பலாம். 12 பாட்டில் வேண்டாம்.

அதே ரோன் பள்ளத்தாக்கின் மற்ற வைன் பகுதிகளான எர்மிதாஜ் சிவப்பு வைனில் 15 சதவீதம் வரையும், கோத்-ரோத்தியில் 20 சதவீதம் வரையும் வெள்ளைத் திராட்சை சேர்க்க அனுமதி உண்டு. கோர்னாஸில் அப்படி மென்மையாக்க வழியில்லை, சிரா மட்டும்தான். கருங்கல் சரிவு, நல்ல வெயில், சில தோட்டங்களில் திராட்சையைக் காம்போடு சேர்த்தே நொதிக்க வைக்கும் பழக்கம். இளசாக இருக்கும்போது துவர்க்கத்தான் செய்யும்.

ஆனால் துவர்க்கிற வைனெல்லாம் வைத்திருந்தால் நன்றாகிவிடாது. முதலில் ஒரே ஒரு பாட்டில் வாங்கித் திறந்து, ஒரு கிளாஸ் குடித்துவிட்டு மூடி வையுங்கள். மறுநாள் கறுப்புப் பழ வாசனையும் மிளகு வாடையும் முன்பைவிடத் தூக்கலாக வந்தால் அதற்கு ஆயுள் இருக்கிறது. பழம் போய்த் துவர்ப்பு மட்டும் மிஞ்சினால் பத்து வருடம் கழித்தும் அதே கதைதான். திறந்ததும் தீக்குச்சி உரசின வாடை வந்தால் பயப்பட வேண்டாம், சிராவுக்கு அது சகஜம், காற்றுப் பட்டால் போய்விடும். நனைந்த அட்டைப்பெட்டி வாடை என்றால் தக்கை கெட்டுவிட்டது, அது போகாது. அந்தத் தோட்டத்திலேயே பழைய ஆண்டு ஒன்றைச் சுவைக்கக் கேட்டுப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

அப்புறம் இடம். 12 முதல் 14 டிகிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல், இருட்டில், படுக்கவைத்து. சமையலறை அலமாரி கூடவே கூடாது. பாரிசின் பழைய கட்டடம் என்றால் கீழே உங்களுக்கு ஒரு 'காவ்' (நிலவறை) இருக்கலாம். ஆகஸ்டில் அங்கே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். வெந்நீர்க் குழாய் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அதுவும் சரிப்படாது, குளிரூட்டும் வைன் அலமாரி வாங்கவும் மனமில்லை என்றால், எர்மிதாஜைச் சுற்றியுள்ள பகுதியின் சிரா வைனான குரோஸ்-எர்மிதாஜ் வாங்கி நாலைந்து வருடத்துக்குள் குடித்துவிடுங்கள். விலையும் குறைவு.

இடம் இருந்தால் 6 பாட்டில் போதும். ஆறாம் வருடம் ஒன்றைத் திறந்து பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம். திறப்பதற்கு முந்தின நாளே நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கட்டும்.