ஓட்டை வேலி பனியைத் தடுக்குமா?

வணக்கம். டென்வரிலிருந்து சால்ட் லேக் சிட்டிக்கு வயோமிங் வழியாக, 80ஆம் எண் நெடுஞ்சாலையில் காரில் போனோம். லாரமி தாண்டியதும் வெட்டவெளியில், சாலையிலிருந்து ரொம்பத் தள்ளி, பெரிய பெரிய மரத்தட்டிகள் வரிசையாக நிற்கின்றன. பாதிக்குப் பாதி ஓட்டை, அடியிலும் திறந்து கிடக்கிறது. பனியைத் தடுக்கத்தான் என்றார்கள். எப்படித் தடுக்கும்? இன்னொன்று, வானம் பளிச்சென்று இருந்தபோதே பனி என்று சொல்லிச் சாலையை மூடிவிட்டார்கள். பெய்யவே இல்லையே?

— ஒரு வாசகர், டென்வர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தில் சாலையை மூடவைப்பது பல நேரம் மேலிருந்து விழும் பனி அல்ல, ஏற்கெனவே விழுந்து கிடக்கும் பனி. காற்று மணிக்கு 25, 30 கிலோமீட்டரைத் தொட்டாலே உலர்ந்த புதுப்பனி நகர ஆரம்பித்துவிடும். ஒரு துகள் எழும்பிக் கொஞ்சம் தள்ளிப் போய் விழும், விழுகிற வேகத்தில் இன்னும் சிலவற்றைத் தட்டி எழுப்பும். பெரும்பகுதி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள்ளேயே ஓடுவதால், தார்ச்சாலையின் மேல் வெள்ளைக் கோடுகள் நெளிந்து நெளிந்து குறுக்கே போவது போலத்தான் தெரியும். காற்று வலுத்தால் நுண்தூள் ஆளுயரத்துக்கும் மேலே ஏறும்; அப்போது தலைக்கு மேல் நீலவானம் இருக்கும், முன்னால் போகிற லாரி தெரியாது. காற்றின் வேகம் இரட்டித்தால் அது அள்ளிப் போகும் பனி பத்து மடங்குக்கும் மேல் கூடிவிடும்.

சரி, இது எங்கே இறங்கும்? காற்று தளர்கிற இடத்தில். புதருக்குப் பின்னால், பாறைக்குப் பின்னால், மலைமுகட்டின் மறுபக்கத்தில். குன்றை வெட்டிச் சாலை போட்டிருந்தால் அந்தப் பள்ளம் பனிக்கு ரொம்ப வசதி.

தட்டியின் வேலை பனியை மறிப்பதல்ல, சாலைக்கு வரும் முன்பே காற்றைத் தளர்த்துவது. முழுக்க அடைத்த சுவர் வைத்தால் காற்று பின்னால் சுழன்றடிக்கும், பனி சுவரை ஒட்டிக் குறுகலாகக் குவிந்து சீக்கிரமே நிரம்பிவிடும். பாதி திறந்த தட்டிக்குப் பின்னால் மேடு தாழ்வாக, நீளமாகப் படரும்: தட்டியின் உயரத்தைப்போல 35 மடங்கு வரை. 4 மீட்டர் தட்டி என்றால் 140 மீட்டர்! அவ்வளவு தள்ளி நட்டிருப்பது இதனால்தான். அடியில் இடைவெளி இல்லாவிட்டால் தட்டியே புதைந்துபோகும்.

அந்தச் சாலைத்துண்டு 1970 அக்டோபரில் திறக்கப்பட்டது. அந்த வழி வேண்டாம், காற்று பொல்லாதது என்று உள்ளூர்ப் பண்ணைக்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. முதல் குளிர்காலத்திலேயே திரும்பத் திரும்ப மூட வேண்டியதாயிற்று. அப்புறம்தான் அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் ரொனால்ட் டேப்ளரின் யோசனைப்படி 1971இல் தட்டிகள் வந்தன. பொறியாளர்களைவிட மாடு மேய்த்தவர்களுக்குக் காற்று நன்றாகத் தெரிந்திருந்தது என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

காற்றடித்துச் சேர்ந்த பனியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். உருண்டு உருண்டு துகளின் கிளைகள் உடைந்து, நெருக்கமாக அடங்கி, சில மணி நேரத்தில் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். புதுப்பனி ஒரு கன மீட்டர் 100 கிலோகூடத் தேறாது, இது 300 கிலோவைத் தாண்டும். நின்றுபோன காரும் காற்றுக்கு ஒரு தடைதான், அதைச் சுற்றியும் சேரும். எங்காவது மாட்டிக்கொண்டு ஹீட்டருக்காக எஞ்சினை ஓடவிட்டால், அதற்கு முன் இறங்கிப் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியைத் தள்ளிவிடுங்கள், அவ்வப்போது திரும்பவும் பாருங்கள். அது அடைத்தால் நச்சுப்புகை காருக்குள் வரும்.