காபரேற்றரைக் கழற்றும் முன்

கேள்வி: ஐயா, அப்பா ஓடிய 1969 எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. அதன் 1798 சி.சி. எஞ்சினில் அவர், காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் ஈட்டன் எம்45 சுப்பர்சார்ஜர் ஒன்றைப் பூட்டி, ஒற்றை எஸ்.யு. காபரேற்றரோடு ஓடினார். பூஸ்ட், அதாவது அது கூட்டும் காற்றழுத்தம், 6 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இறாத்தல்) வரை வருகிறது. காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டி வருமுன்பே எஞ்சின் தடுமாறுகிறது. நிறுத்தினால் சூடு ஆறும்வரை ஸ்டார்ட் ஆவதில்லை. பெற்றோலும் நிறையக் குடிக்கிறது. ஒரு கராஜில், சிலிண்டருக்கு ஒன்றாகப் பெற்றோல் பீச்சும் நான்கு இன்ஜெக்டர் வைத்து, புரோகிராம் செய்யக்கூடிய கொம்பியூட்டரும் பூட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். செய்யலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: தாராளமாகச் செய்யலாம், தம்பி. ஆனால் சிலிண்டருக்கு ஒரு இன்ஜெக்டர் என்றவர் இந்த எஞ்சினின் ஹெட்டைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டார். நான்கு சிலிண்டர் இருந்தாலும் காற்று உள்ளே போக இரண்டே வழிதான். ஒன்றும் இரண்டும் ஒரு வாசலைப் பங்கிடுகின்றன, மூன்றும் நான்கும் மற்றதை. எரியும் ஒழுங்கு 1-3-4-2. அதனால் இரண்டாவது உறிஞ்சி முடிக்குமுன் ஒன்றாவது உறிஞ்சத் தொடங்கும். மூன்றுக்குப் பின்னால் நான்கும் அப்படியே. அப்புறம் அந்த வாசல் நெடுநேரம் சும்மா கிடக்கும். அந்த இடைவெளியில் பீச்சிய பெற்றோல் தேங்கி நின்று, முதலில் திறக்கும் சிலிண்டருக்கே போய்ச் சேரும். பிந்தி வருவதற்குக் காற்றுத்தான் மிச்சம்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இதே ரக எஞ்சின் ஒன்றுக்கு வாசலிலேயே இன்ஜெக்டர் வைத்தேன். புகைக்குழாயில் இருந்த ஒட்சிசன் சென்சர் 12.5 என்று காட்டியது, அதாவது ஒரு பங்கு பெற்றோலுக்கு எடையில் 12.5 பங்கு காற்று; அருமையான எண். வண்டியும் நன்றாக இழுத்தது. மனதில் ஏதோ உறுத்த, பிளக் நான்கையும் கழற்றி, பழைய வீரகேசரித் தாளில் வரிசையாக வைத்தேன். நடுவில் இருந்த இரண்டும் கரி பிடித்துக் கறுத்திருந்தன. ஓரத்து இரண்டும் சுண்ணாம்பு வெள்ளை. ஒன்றாம் பிளக்கின் முனையில் கடுகிலும் சின்னதாய் ஒரு அலுமினியப் பொட்டு ஒட்டியிருந்தது. அது பிஸ்டனிலிருந்து உருகி வந்தது. சென்சர் பொய் சொல்லவில்லை. நான்கு சிலிண்டரின் புகையையும் கலந்து, சராசரியைச் சொன்னது. அன்றிலிருந்து எந்த மீற்றரை நம்பினாலும் பிளக்கைக் கழற்றிப் பார்க்காமல் நான் வண்டியைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

உங்கள் வண்டிக்கு நான் சொல்வது இதுதான்: பெற்றோலை சுப்பர்சார்ஜருக்கு முன்னாலேயே விடுங்கள். இப்போது எஸ்.யு. இருக்கும் அதே இடத்தில், இன்ஜெக்டர்களைக் கொண்ட ஒரு துரொட்டில் பொடி (காற்று வழியைத் திறந்து மூடும் பாகம்). சுழலும் ரோட்டர்களுக்குள் புகுந்து வரும்போது காற்றும் பெற்றோலும் நன்றாகக் கலந்துவிடும். இரட்டைச் சிலிண்டர் ஒரே வாசலைப் பங்கிடுவதால் வரும் சண்டை பெரும்பாலும் அடங்கும். பெற்றோல் ஆவியாகும்போது ரோட்டர்களையும் குளிர்த்தும். அப்பா காபரேற்றரை அந்த இடத்தில் வைத்து ஓடியதும் இதே வழிதான், அவர் தெரிந்துதான் செய்திருக்கிறார். ஒரே ஒரு எச்சரிக்கை: சுப்பர்சார்ஜர் முழுக்க எரியக்கூடிய கலவை நிற்கும். கலவை மெலிந்தோ, ஸ்பார்க் நேரம் பிழைத்தோ எஞ்சின் உள்வழியே பின்னோக்கி வெடித்தால் ரோட்டரே போய்விடும்.

இன்ஜெக்டர் அளவுக்கு வருவோம். 140 குதிரை வலு எதிர்பார்க்கிறீர்கள் என்று வைத்தால், பூஸ்ட் எஞ்சினுக்கு ஒரு குதிரை வலுவுக்கு மணிக்கு 0.6 இறாத்தல் பெற்றோல் என்பது கணக்கு. இன்ஜெக்டரை 80 வீதத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. அப்படியானால் மொத்தம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,100 சி.சி. வேண்டும், நான்கு இன்ஜெக்டர் என்றால் தலைக்கு 275. பஞ்சிகாவத்தையில் ஜப்பான் வண்டிகளில் கழற்றியது கிடைக்கும். நான்கிலும் ஒரே பார்ட் நம்பர் இருக்கட்டும். கழுவி, அளந்து பார்த்தே பூட்டுங்கள். பெற்றோல் பம்பை மட்டும் பழையதாக வாங்காதீர்கள்.

சாவியைத் திருப்பினால் பின்னால் டிக் டிக் என்று கேட்குமே, அந்த எஸ்.யு. பம்ப் 3 பி.எஸ்.ஐ. அளவே தரும். இன்ஜெக்ஷனுக்கு 43 வேண்டும். அதற்குத் தகுந்த ஹோஸ், அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேற்றர், தாங்கிக்குத் திரும்பிப் போக ஒரு லைன், எல்லாம் புதிது. காலி வீதியில் உங்களைப் படுத்தும் நோய் தீர்வது இங்கேதான். இந்த எஞ்சினில் காபரேற்றரும் புகைக்குழாயும் ஒரே பக்கம். சூட்டில் கிண்ணத்துப் பெற்றோல் கொதிக்கிறது. 43 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், ஓடிக்கொண்டே இருக்கும் பெற்றோல் அவ்வளவு இலகுவில் கொதிக்காது. ரெகுலேற்றரின் வெற்றிடக் குழாயை பூஸ்ட் வரும் மனிஃபோல்டில் (காற்றை வாசல்களுக்குப் பிரிக்கும் குழாயில்) மாட்டிவிடாதீர்கள்; இன்ஜெக்டர் நிற்கும் இடத்து அழுத்தத்தையே அது பார்க்க வேண்டும்.

கொம்பியூட்டருக்குக் காற்றழுத்தம் சொல்லும் சென்சர் நேர்மாறு. அது சுப்பர்சார்ஜருக்குப் பின்னால், மனிஃபோல்டில். கடல் மட்டத்துக் கொழும்பில் காற்று 101 கிலோபஸ்கல், 6 பி.எஸ்.ஐ. சேர்ந்தால் 142. சாதாரண வண்டிச் சென்சர் அவ்வளவு படிக்காது, 250 வரை படிப்பதை வாங்குங்கள். காற்றுச் சூட்டுச் சென்சரைக் காற்று வடிகட்டிக்குள், இரும்பில் ஒட்டாமல் வையுங்கள். சூடேறிய உலோகத்தில் திருகினால் நெரிசலில் அது 60 பாகை என்று சொல்லும். காற்று ஐதாகிவிட்டதென்று நினைத்து கொம்பியூட்டர் பெற்றோலைக் குறைக்கும். எஞ்சின் மறுபடி தடுமாறும்.

கொம்பியூட்டர் மெகாஸ்குவேர்ட், ஸ்பீடுயினோ எதுவானாலும், உள்ளே இருப்பது கட்டம் கட்டமாக எழுதக்கூடிய ஓர் அட்டவணைதான். எஸ்.யு.வில் ஒரே ஊசி பூஸ்டுக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் சமாளிக்க வேண்டியிருந்தது. உங்கள் பெற்றோல் செலவின் காரணமும் அதுவே. இங்கே மெதுவான ஓட்டத்துக்கு 14.7, பூஸ்டில் 11.5 முதல் 12 என்று தனித்தனியாக எழுதலாம். ஸ்பார்க் நேரத்தையும் அதனிடமே கொடுத்து, பூஸ்டின் ஒவ்வொரு பி.எஸ்.ஐ.க்கும் ஒரு பாகை பின்னுக்கு இழுத்துத் தொடங்குங்கள். 95 ஒக்டேன் அடியுங்கள். அதிகாலைக் குளிரில் மட்டும் ரியூன் செய்து கையில் தந்தால் வாங்காதீர்கள், நண்பகல் வெயிலில் வெள்ளவத்தைச் சந்தியில் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் 1960 மொறிஸ் மைனருக்கும் இன்ஜெக்ஷன் ஏற்றலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, உங்கள் வண்டியில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் உடலில் பூட்டியிருக்கும். அப்படியே கொம்பியூட்டரைக் கொடுத்தால் சாவி திருப்பியதுமே எரிந்துவிடும். பற்றரியையும் கொயில் வயர்களையும் மாற்றிப் பூட்ட வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார் எப்படியும் சுற்றும், அதைத் தொட வேண்டாம். டைனமோ தரும் ஏறத்தாழ 20 ஆம்ப், ஹெட்லைற் போட்டபடி இன்ஜெக்ஷன் பம்பையும் ஓட்டப் போதாது. முதலில் ஓல்டர்னேற்றர் போட்டு ஒரு மழைக்காலம் ஓடுங்கள்.