செடி வளர்க்கும் சிறிய மீன் தொட்டிக்கு விளக்கு மாற்றுவது: கேள்வி பதில்

கேள்வி (லாஸ்பேட்டை): ஐயா, என்னுடைய மீன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்டது. மூடியோடு வந்த சிறிய எல்.இ.டி. பட்டியை எடுத்துவிட்டு, எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 20 வாட் ஃப்ளட் லைட்டைப் பொருத்தலாம் என்று இருக்கிறேன். கரியமில வாயு கொடுப்பதில்லை. செடிகளுக்கு இது போதுமா?

பதில்: தேவைக்கு அதிகம் என்றே சொல்வேன். தங்கள் தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 56 லிட்டர். மண்ணையும் கல்லையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் 45 லிட்டர் தண்ணீர்தான் நிற்கும். இப்போதைய எல்.இ.டி. விளக்குகள் வாட்டுக்குச் சுமார் 100 லூமென் (வெளிச்சத்தின் அளவு) தருகின்றன என்று வைத்துக்கொண்டால், 20 வாட் விளக்கிலிருந்து லிட்டருக்கு 44 லூமென் கிடைக்கும். கரியமில வாயு செலுத்தாத தொட்டியில் லிட்டருக்கு 15 முதல் 25 லூமென் இருந்தாலே அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்நேரியா எல்லாம் செழிப்பாக வளரும். அதற்கு மேல் ஒளியைக் கூட்டினால் செடியின் தேவையும் கூடவே உயர்கிறது. அந்தத் தேவைக்கு ஈடான கரியமில வாயுவும் உரமும் தண்ணீரில் இல்லாதபோது செடி அப்படியே நின்றுவிட, மிஞ்சிய வெளிச்சத்தில் பாசி வளர்கிறது. ஆகவே 10 வாட் போதும். அதையும் ஒரே இடத்திலிருந்து அடிக்கும் ஃப்ளட் லைட்டாக வாங்காமல், தொட்டியின் நீளத்துக்கு வரும் பட்டியாக, 6500 கெல்வின் வெள்ளை ஒளியில் வாங்குங்கள். இல்லாவிட்டால் நடுவில் கண் கூசும், இரு ஓரங்களிலும் செடி மெலியும்.

கேள்வி (மஞ்சக்குப்பம்): பெட்டியில் லூமென் போட்டிருக்கிறார்கள், விவரம் தெரிந்தவர்கள் பி.ஏ.ஆர். என்கிறார்கள். கருவி வாங்காமல் அதை அளக்க வழி உண்டா?

பதில்: லூமென் என்பது மனிதக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பதன் அளவு. பி.ஏ.ஆர். என்பது ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியைக் குறிக்கும். கருவி விலை அதிகம் என்பதால் கைபேசியில் ஒரு லக்ஸ் (ஓர் இடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு) செயலியை இறக்கிக்கொண்டு, விளக்கைத் தொட்டிக்கு வெளியே எடுத்து, அது மண்ணிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்குமோ அதே தூரத்தில் கைபேசியை வைத்து அளந்து பாருங்கள். வெள்ளை எல்.இ.டி.யாக இருந்தால் அந்த எண்ணை 70-ஆல் வகுத்தால் பி.ஏ.ஆர். அளவு கிடைக்கும். 2000 லக்ஸ் என்றால் ஏறக்குறைய 30 வரும். கரியமில வாயு இல்லாத தொட்டிக்கு அது நல்ல அளவு. இது தோராயம்தான், ஆனாலும் பழைய விளக்கையும் புதிய விளக்கையும் ஒப்பிட இது போதும். ஊதா நிற விளக்குகளுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

கேள்வி (தேவனாம்பட்டினம்): வீடு கடற்கரைக்கு மிக அருகில். எந்த விளக்கு வாங்கினாலும் சில மாதங்களிலேயே பாதி பல்புகள் அணைந்துவிடுகின்றன. விலை உயர்ந்ததாக வாங்கினால் நிற்குமா?

பதில்: விலையைவிட அது எப்படி அடைக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். அணைந்த பட்டியைக் கழற்றிப் பாருங்கள்: பற்றவைத்த இடங்களில் பச்சை நிறத்தில் பொடி பூத்திருக்கும், அலுமினிய முதுகில் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பெரும்பாலும் எல்.இ.டி. பழுதாகியிருக்காது, உப்புக் காற்றும் தொட்டியிலிருந்து எழும் ஈரமும் சேர்ந்து இணைப்புகளை அரித்திருக்கும். அதனால் தூசியும் நீரும் புகாத ஐ.பி. 67 தரத்தில், முனைகளும் கம்பி நுழையும் வாயும் சிலிக்கானால் அடைக்கப்பட்ட விளக்கைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியின் மேல் ஒரு கண்ணாடியைப் போட்டு, விளக்கை அதற்கு மேலே சற்று உயர்த்தி நிறுத்துங்கள். உப்பு தானே ஈரத்தை இழுக்கும் என்பதால், வாரம் ஒருமுறை மின்சாரத்தைத் துண்டித்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் விளக்கைத் துடைத்துக் காயவையுங்கள். போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் மூடிக் கண்ணாடியையும் கவனிக்க வேண்டும். அதில் படியும் வெள்ளை உப்புக் கறை ஒளியைக் கணிசமாக மறைத்துவிடும். கண்ணாடியை வெளியே எடுத்து எலுமிச்சைச் சாறு தேய்த்தால் போய்விடும்.

இதோடு ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். கம்பி சுவர்ப் பிளக்குக்குப் போகும் வழியில், பிளக்கைவிடத் தாழ்வாக ஒரு வளைவு விட்டுப் பிறகே மேலே ஏற வேண்டும். அப்போதுதான் கம்பியோடு வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்சு இல்லாத வீட்டில் அதைப் பொருத்தாமல் விளக்கை மாற்ற வேண்டாம்.

கேள்வி (முதலியார்பேட்டை): புது விளக்குப் போட்டு ஒரு வாரம் ஆகிறது. கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகக் கரைகின்றன, கண்ணாடியில் பாசி. பழைய விளக்குக்கே போய்விடவா, ஐயா?

பதில்: வேண்டாம், அம்மா. கிரிப்டோகோரைன் திடீர் மாற்றம் எதுவானாலும் இலையை உதிர்க்கும் இயல்புடையது. வேர் உயிரோடு இருக்கும். பிடுங்காதீர்கள், கரைந்த இலைகளை மட்டும் அகற்றுங்கள். விளக்கில் ஒளியைக் குறைக்கும் வசதி இருந்தால் பாதியாகக் குறைத்து, இல்லையென்றால் விளக்கை ஒரு சாண் உயர்த்தி, நாளொன்றுக்கு 6 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டி, 8 மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கெட்டுப்போன பழைய இலை மறுபடி தேறாது. நடுவிலிருந்து வரும் புதுத் துளிரைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கேள்வி (வில்லியனூர்): ரோட்டாலா செடியைச் சிவப்பாக்க வேண்டும். ஜன்னல் வெயிலைப் பயன்படுத்தலாமா?

பதில்: நேரடி வெயிலில் தண்ணீரே பச்சையாகிவிடும், கோடையில் சூடும் ஏறும். நல்ல சிவப்பு வேண்டுமானால் வலுவான ஒளியும் கரியமில வாயுவும் ஒன்றாக வர வேண்டும்.

கேள்வி (அரியாங்குப்பம்): டைமர் சரியாக வைத்தும் விளக்கு நள்ளிரவில் எரிகிறது. ஏன்?

பதில்: சுழலும் வகை டைமர் மின்தடையின்போது நின்றுபோய், வந்த பிறகு அந்த இடத்திலிருந்தே ஓடும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரை வாங்குங்கள்.

கேள்வி (கடலூர் முதுநகர்): புயல் வந்து பல நாள் மின்சாரம் இல்லாவிட்டால் செடிகள் செத்துவிடுமா?

பதில்: 2011 டிசம்பர் 30 அன்று 'தானே' என்ற புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் இருந்ததை நாம் அறிவோம். ஆரோக்கியமான செடிகள் சில நாள் இருட்டைத் தாங்கும். பாசியை ஒழிக்க வேண்டுமென்றே மூன்று நாள் தொட்டியைப் போர்த்தி வைப்பவர்களும் உண்டு. கவலை மீன்களைப் பற்றித்தான். இருட்டில் செடிகளும் பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்குச் சுமார் 7.5 மில்லிகிராமுக்கு மேல் அதைப் பிடித்து வைக்காது. ஆகவே ஐப்பசி பிறக்கும் முன்பே பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றை வாங்கி வையுங்கள், மின்சாரம் இல்லாத நாட்களில் தீனி போடாதீர்கள், மின்சாரம் வந்ததும் முதல் சில நாட்கள் விளக்கை 4 மணி நேரம் மட்டும் எரியவிடுங்கள்.