வீட்டில் விலை உயர்ந்த ஒலிக்கருவிகள் இருக்கின்றன, குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது. விற்றுவிடுவதா, பூட்டி வைப்பதா?

இரண்டும் வேண்டாம். நடை பழகிய பிள்ளை நேராக ஸ்பீக்கரின் முன்னால் போய் நிற்பதைக் கண்டு பதறித்தான் இப்படிக் கேட்டிருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். 14 ஆண்டுகளுக்கு முன் நானும் பதறினேன். அந்தப் பதற்றத்தில் நான் செய்த தவறு, கருவிக்கு நேர்ந்த சேதத்தைவிடப் பெரியது.

நான் மலேசியாவின் சுங்கை சிப்புட்காரன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். எங்கள் லயத்து வீட்டில் இருந்த ஒரே வானொலிப் பெட்டி, அம்மா பூத்தையல் போட்ட துணியால் மூடப்பட்டு, எங்கள் கைக்கு எட்டாத பலகையில் இருந்தது. அதைத் திருகும் உரிமை அப்பாவுக்கு மட்டுமே உண்டு. அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழுதானால் இன்னொன்று வாங்க அவரிடம் காசு இல்லை. அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்ததால்தான், வேலைக்குப் போனதும் இசைத்தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். தோட்டத்துப் பிள்ளைக்கு இவ்வளவு விலையில் பாட்டுப் பெட்டி எதற்கு என்று கேட்ட உறவினர்கள் உண்டு. அவர்கள் காருக்கு ஸ்போர்ட் ரிம் மாற்றும்போது நான் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

மகனுக்கு அப்போது 4 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, டி. எம். சௌந்தரராஜன் பாடிய முருகன் பாடல்களின் இசைத்தட்டு முடிந்துவிட, வாசலில் பேசிக்கொண்டிருந்த என்னைக் கூப்பிடாமல், மறுபடியும் பாட வைக்கலாம் என்று அவனே ஊசி பொருத்திய கையான டோன் ஆர்மைப் பிடித்து இழுத்துவிட்டான். ஊசியின் வைர முனையைத் தாங்கும் அலுமினியத் தண்டு குண்டூசியைப் போல மெல்லியது. அது ஒரு பக்கமாக வளைந்து நின்றது. நான் அடிக்கவில்லை, ஆனால் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். புது ஊசி மாட்டிய பிறகும், பாட்டுப் போட்டால் அவன் அறைக்குள் வரவில்லை. நிலைப்படியிலேயே, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நின்று கேட்டான். அப்பாவின் பலகையை என் வீட்டிலும் நானே அடித்து வைத்துவிட்டேன் என்பது அந்தக் கைகளைப் பார்த்தபோதுதான் உறைத்தது.

ஈப்போவில் கீறல் விழுந்த பழைய தட்டு ஒன்றை 3 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கி வந்து, அவனை மடியில் அமர்த்தி, ஆர்மைத் தொடாமல், அதை ஏற்றி இறக்கும் லிவரை மட்டும் இறக்கக் கற்றுக்கொடுத்தேன். லிவரை விட்டதும் ஆர்ம் நீரில் அமிழ்வதுபோல மெதுவாக இறங்கும். ஊசி தட்டைத் தொட்டு, பாட்டுக்கு முந்திய அந்தச் சரசரப்பு கேட்கும்வரை அவன் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான். தனியாகச் செய்ய ஒரு மாதம் பிடித்தது.

ஆகவே, பிள்ளை வளரும்வரை ஆர்மின் முனையில் ஊசியைத் தாங்கும் காட்ரிட்ஜில் மூவிங் மேக்னெட் வகையையே வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஊசியை மட்டும் உருவி மாற்றிக்கொள்ளலாம். மூவிங் காயில் வகையில் ஊசி போனால் பெரும்பாலும் காட்ரிட்ஜே போனதாகும். ஸ்பீக்கரின் முன்வலையைக் கழற்றாதீர்கள், ஏனெனில் கீச்சொலியைத் தரும் ட்வீட்டரின் குமிழைக் கண்டால் எந்தக் குழந்தையின் விரலும் சும்மா இராது. துணிக் குமிழ் அமுங்கினால் ஒட்டுநாடாவால் மெல்ல மீட்க வாய்ப்புண்டு. உலோகக் குமிழில் மடிப்பு தங்கிவிடும்.

பிள்ளையை ஆபத்தில் விடச் சொல்கிறேன் என்று யாரும் எழுத வேண்டாம். உயரமான ஸ்பீக்கர் சாய்ந்து விழாதபடி சுவரோடு பிணைக்கப்பட வேண்டும். கண்ணாடிக் குழல்கள் சுடும் வால்வு ஆம்ப்ளிஃபையரும் மின்சாரச் செருகிகளும் பிள்ளைக்கு எட்டவே கூடாது. இது அவற்றின் விலைக்காக அல்ல, பிள்ளைக்காக. ஒலியளவும் அப்படியே: ஒலிக்கருவிகளில் பாட்டுக் கேட்கும் குழந்தைகளுக்கு 75 டெசிபெல் ஒலியளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு.

என் முதல் ஆம்ப்ளிஃபையரைப் பொசுக்கியது பிள்ளையின் கை அல்ல, மாலை நேரத்து இடி. எங்கள் ஊரில் இடிமழைக்குக் குறைவில்லை. வானம் கறுத்தால் செருகியைக் கழற்றுவது, 12 வயதிலிருந்து என் மகனின் பொறுப்பு. போன வாரம் நான் தூங்கிக்கொண்டிருந்தபோதுகூட, பாதியில் நின்ற தட்டை உறையில் போட்டுவிட்டுத்தான் அவன் கழற்றியிருந்தான்.