கொறங்காட்டில் தூவிய முயல் மசால் ஏன் முளைக்கவில்லை?

தாராபுரம் பகுதியில் இரண்டு ஏக்கர் கொறங்காடு (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலம்) வைத்திருக்கும் வாசகர் ஒருவர், தை பிறந்தால் கொழுக்கட்டைப்புல் காய்ந்து மாடுகள் மெலிந்துவிடுவதாகவும், அதற்காகச் சென்ற ஆண்டு தூவிய முயல் மசால் என்னும் பயறுவகைத் தீவனச் செடியின் விதை பத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை என்றும் எழுதி, விதை போலியோ எனக் கேட்டிருக்கிறார்.

விதையைக் குறை சொல்லும் முன் அதன் தோலைப் பார்க்க வேண்டும். சில விதைகளை ஈரத்துணியில் இரண்டு நாள் வைத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள். ஊறிப் பருக்காமல் கல் போலவே இருந்தால், நீர் உள்ளே இறங்கவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட விதை செத்ததல்ல, அடுத்தடுத்த மழைகளில் முளைக்கக் கூடியது. ஆகவே அந்த நிலத்தை அவசரப்பட்டு உழுதுவிட வேண்டாம்.

இம்முறை விதைக்கும்போது, தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, நான்கு நிமிடம் ஆறவிட்டு, சூடு ஏறக்குறைய 80 டிகிரிக்கு வந்ததும் விதை மேல் ஊற்றுங்கள். பிறகு இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். கந்தக அமிலத்தில் நேர்த்தி செய்யும் முறையும் உண்டு என்றாலும், வீட்டில் அதைக் கையாள நான் சொல்லமாட்டேன். ஏக்கருக்கு 4 கிலோ விதையை மணலோடு கலந்து, புரட்டாசி மழைக்கு முன் புல்லை நன்றாக மேயவிட்ட தரையில் தூவி, முள்கிளையை இழுத்து லேசாக மூடினால் போதும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போனால் முளை வெளியே வராது. சுண்ணாம்புக் கற்கள் கலந்த நிலமாக இருந்தால் முயல் மசாலில் ஹமாட்டா என்ற இனத்தைக் கேட்டு வாங்குங்கள். ஸ்கேப்ரா என்ற மற்றோர் இனம் அமிலத்தன்மையுள்ள செம்மண்ணை விரும்புவது. எதுவானாலும் நீர் தேங்கும் பள்ளத்தில் நிற்காது.

முதல் இரண்டு மாதம் செடி மிக மெதுவாகவே வளரும். மஞ்சள் பூ பூத்து விதை கொட்டும் வரை, முதல் ஆண்டு அந்தப் பகுதியில் மாட்டை விடாதீர்கள். கொட்டிய விதைதான் பின்வரும் ஆண்டுகளின் மேய்ச்சல்.

மழைக்காலத்தில் மாடுகள் பசும்புல்லைத் தேடி மேய்ந்து, மசாலைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம், ஏனெனில் புல் காய்ந்த பிறகு அவை மசாலுக்கே திரும்பும், அந்நேரத்தில் காய்ந்த புல்லில் இல்லாத புரதத்தை அதுதான் தரும். குதிரை மசால் என்ற தீவனச் செடியைப் போல வயிற்று உப்புசத்தையும் உண்டாக்காது. ஆனால் முற்றிக் காய்ந்தால் இலை உதிர்ந்து குச்சி மட்டும் மிஞ்சும் என்பதால், இரண்டாம் ஆண்டு முதல் ஒரு பகுதியைப் பூக்கும் பருவத்திலேயே அறுத்து, நிழலில் உலர்த்திக் கோடைக்கு எடுத்து வையுங்கள்.