அண்ணா வீட்டிலிருந்து வெளிக்கிட 49 நாள்: கவுன்சிலுக்குப் போகுமுன் காசை என்ன செய்வது?

கேள்வி: வணக்கம் ஐயா. லண்டன் ஹரோவில் இரண்டு பிள்ளைகளோடு (11 வயது, 6 வயது) எட்டு மாதமாக அண்ணா வீட்டில் இருக்கிறேன். அதற்கு முன் இதே ஹரோவில் நாலு வருஷம் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் வீட்டை விற்றதால் வெளிக்கிட வேண்டி வந்தது. கணவர் பிரிந்துவிட்டார். எனக்கு ஐ.எல்.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) இருக்கிறது. கடையில் பகுதிநேர வேலை, அதோடு யூனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானக்காரருக்கு அரசு தரும் மாத உதவி). நான் ஹோலில் சோபாவில் படுக்கிறேன், பிள்ளைகள் தரையில் மெத்தையில். அண்ணி விடிய ஐந்து மணிக்கு வேலைக்குப் போக லைட் போட்டால் சின்னவன் எழும்பிவிடுவான். இப்போது அண்ணியின் தாயார் வந்து தங்கப்போகிறார், ஏழு வாரத்தில் வேறு இடம் பார் என்று அண்ணா சொல்லிவிட்டார். வங்கியில் 4,100 பவுண்ட் இருக்கிறது, 16 பவுண் நகை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் அம்மா (74 வயது) இருக்கிற வீடு எனக்கும் அக்காவுக்கும் பாதிப் பாதி. சொந்தக்காரர் ஒருவருக்கு 2,000 பவுண்ட் கடன். மாதம் 200 பவுண்ட் சீட்டுக் கட்டுகிறேன். வீட்டை அக்கா பேருக்கு எழுதி, கடனை அடைத்து, கணக்கை வெறுமையாக்கிவிட்டுப் போனால்தான் கவுன்சில் (உள்ளூராட்சி மன்றம்) உதவும் என்கிறார்கள். உண்மையா? எப்போது போவது?

பதில்: சகோதரி, முதலில் வீட்டு விஷயம். அக்கா பேருக்கு எழுதாதீர்கள். இன்று எனக்கு வந்த கடிதங்களிலேயே உங்களுடையதற்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அந்த ஒரு வரிதான்.

வீடில்லாதவருக்குக் கவுன்சில் செய்யவேண்டிய கடமை இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கடமைக்குச் சேமிப்பு வரம்பு எதுவும் கிடையாது. 4,100 பவுண்ட் வைத்திருப்பதால் கவுன்சில் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. வரம்பு இருப்பது யூனிவர்சல் கிரெடிட்டில். அங்கே 6,000 பவுண்ட் வரை கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் மாதம் 4.35 பவுண்ட் வருமானம் வருவதாகக் கொண்டு கழிப்பார்கள். 16,000 தாண்டினால் ஒன்றும் கிடையாது. உங்கள் சேமிப்பு இந்த முதல் கோட்டையே தொடவில்லை. காலியாக்க என்ன இருக்கிறது?

யாழ்ப்பாண வீட்டில் உங்கள் பாதி ஒரு சொத்துத்தான், வெளிநாட்டில் இருப்பதால் அது மறைந்துவிடாது. ஆனால் ஓய்வூதிய வயதைக் கடந்த நெருங்கிய உறவினர் குடியிருக்கும் வீட்டை மூலதனத்தில் சேர்க்காமல் விடும் விதி யூனிவர்சல் கிரெடிட்டில் இருக்கிறது. 74 வயது அம்மா அங்கே இருக்கிறார் என்பது உங்களுக்குப் பலம். வீட்டைச் சொன்னால்தானே அந்த விதியைக் கேட்கலாம்? இப்போது அக்கா பேருக்கு மாற்றினால், உதவி பெறுவதற்காகவே சொத்தைக் கைமாற்றினீர்கள் என்று முடிவெடுத்து, வீடு இன்னும் உங்களிடம் இருப்பதாகவே கணக்குப் பார்க்கலாம். வீடும் போய், உதவியும் போய் நிற்பீர்கள். இதுவரை யூனிவர்சல் கிரெடிட்டில் இந்த வீட்டைச் சொல்லவில்லை என்றால் இனியும் தள்ளிப்போடாமல் சொல்லுங்கள். சொல்லுமுன் இலவச ஆலோசனை தரும் சிற்றிசன்ஸ் அட்வைஸில் ஒரு தடவை கதைத்துவிட்டுப் போவது நல்லது.

கவுன்சிலிலும் இந்த வீடு பேச்சுக்கு வரும். சட்டப்படி வீடில்லாதவர் என்றால் பிரிட்டனிலோ வேறெங்கோ குடியிருக்க இடம் இல்லாதவர். ‘யாழ்ப்பாணத்தில் வீடு இருக்கிறதே’ என்று ஒஃபிசர் கேட்டால் பதறவேண்டாம். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், உங்கள் வேலை, வாழ்க்கை எல்லாம் இங்கே. அங்கே போய்க் குடியிருக்கச் சொல்வது நியாயமா என்பதுதான் கேள்வி. அதை அமைதியாக விளக்குங்கள்.

கடன் வேறு விஷயம். உண்மையில் இருக்கிற கடனை அடைப்பதைச் சொத்தைக் கைமாற்றியதாக யூனிவர்சல் கிரெடிட் கொள்ளாது. ஆனாலும் 2,000 பவுண்டையும் இப்போதே தூக்கிக் கொடுக்கவேண்டாம் என்பேன். வரப்போகிற இரண்டு மாதமும் வான் கூலி, உடுப்புத் தோய்க்கிற செலவு, சமையலறை இல்லாத அறையென்றால் கடைச் சாப்பாடு என்று காசு கரையும். அந்தச் சொந்தக்காரரிடம் நிலைமையைச் சொல்லி மாதம் 50, 100 என்று வங்கி வழியாக அனுப்புங்கள், கையில் கொடுக்காதீர்கள். சீட்டையும் நடத்துகிறவரிடம் பேசிப் பாருங்கள். மாதாமாதம் ஒரு தனியாள் பெயருக்கு 200 போவது ஸ்டேட்மென்டில் தெரியும். அது என்ன, இதுவரை எவ்வளவு கட்டினீர்கள், எடுத்துவிட்டீர்களா இல்லையா என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

நகையை விற்காதீர்கள், அடகும் வைக்காதீர்கள். நீங்கள் போட்டுக்கொள்கிற நகை சொந்த உடைமை, யூனிவர்சல் கிரெடிட் அதை மூலதனமாக எண்ணுவதில்லை. விற்ற காசைத்தான் எண்ணும். தற்காலிக இடத்துக்கு மட்டும் அதைக் கொண்டுபோகவேண்டாம்.

இனி, எப்போது போவது? இந்தக் கிழமையே. 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, 56 நாளுக்குள் வீடிழக்கப் போகிறவருக்கு அது நடக்காமல் தடுக்கக் கவுன்சில் உதவவேண்டும். ஏழு வாரம் என்பது 49 நாள். நீங்கள் ஏற்கெனவே அந்தக் கோட்டுக்குள் இருக்கிறீர்கள். பையைத் தூக்கிக்கொண்டு கடைசி நாள் மாலையில் போய் நிற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா புடவைக் கடைப் பையொன்றை என் மேசையில் கவிழ்த்தார். நாலாக மடித்த வங்கித் தாள், பிள்ளையின் தடுப்பூசி அட்டை, கரண்ட் பில் எல்லாம் ஒன்றாக விழுந்தன. வீட்டுக்காரர் கொடுத்த நோட்டீஸைத் தேடி எடுக்கவே அரைமணி நேரம். அன்று வெள்ளிக்கிழமை, கவுன்சில் மூட நாற்பது நிமிடம் இருந்தது.

அந்த நோட்டீஸ் உங்களுக்கும் வேண்டும். அண்ணா வீடு தற்காலிகம் என்பதால், கடைசியாக நிலையாக இருந்த இடத்தை ஏன் விட்டீர்கள் என்று ஒஃபிசர் பார்ப்பார். வேண்டுமென்றே வீட்டை இழந்தவர் என்று முடிவானால் உதவி பெரிதும் குறைந்துவிடும். பழைய வீட்டுக்காரரின் நோட்டீஸ், வாடகை ஒப்பந்தம், பாக்கி இல்லை என்று காட்டும் வங்கிப் பதிவு மூன்றையும் முதலில் தேடுங்கள். பிறகு ஐ.எல்.ஆர். இருப்பதை இணையத்தில் காட்டும் ஷேர் கோட், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வங்கி ஸ்டேட்மென்ட், பள்ளிக்கூடக் கடிதம். யாருக்காவது நோய் இருந்தால் ஜி.பி. (குடும்ப வைத்தியர்) கடிதமும். ஏதாவது ஒரு தாள் கிடைக்கவில்லை என்பதற்காகப் போகாமல் இருக்கவேண்டாம். விசாரிப்பது கவுன்சிலின் வேலை.

அண்ணாவிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எத்தனை அறை, யார் எங்கே படுக்கிறார்கள், எந்தத் திகதியோடு போகவேண்டும், ஏன் என்று உள்ளபடி எழுதட்டும். ஒஃபிசர் அவருக்குப் போன் பண்ணுவார். சபை மரியாதைக்கு ‘அவசரமென்றால் இருக்கட்டும்’ என்று அண்ணா சொல்லிவிட்டால், நீங்கள் இன்னும் வீடுள்ளவர். இதை அவருக்கு முன்கூட்டியே விளங்கப்படுத்துங்கள். ஐந்து மணி லைட்டையும் ஒஃபிசரிடம் சொல்லுங்கள். அப்படியான சின்ன விஷயங்கள்தான் நிலைமையைக் காட்டும்.

சேமிப்பை வைத்துத் தனியார் வீடு எடுக்கலாமே என்று நீங்கள் யோசிக்கக்கூடும். மாதம் 1,700 பவுண்ட் வாடகை என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் (டெபாசிட்) ஐந்து கிழமை வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம், அது சுமார் 1,960. முதல் மாத வாடகையோடு 3,660 பவுண்ட். கையில் 440தான் மிஞ்சும். மாதாமாதம் வாடகை கட்ட முடியுமென்றால் பரவாயில்லை. முடியாத வீட்டை எடுத்து ஆறு மாதத்தில் இழந்தால், அடுத்த தடவை கவுன்சிலில் உங்கள் நிலை இன்னும் மோசம். அட்வான்ஸுக்குக் கவுன்சிலே கைகொடுக்கக்கூடும். அதனால் எதிலும் கையெழுத்து வைக்குமுன் ஒஃபிசரிடம் கேளுங்கள்.

ஒன்றும் சரிவராமல் அந்த நாள் வந்துவிட்டால், பிள்ளைகள் இருப்பதால் கவுன்சில் தற்காலிக இடம் தரவேண்டும். அது ஹரோவுக்கு வெளியிலும் இருக்கலாம், பள்ளிக்கூடக் கடிதம் அங்கேதான் உதவும். குளியலறையோ சமையலறையோ பொதுவான பி அண்ட் பி (விடுதி) அறை என்றால், பிள்ளைகளுள்ள குடும்பத்தை ஆறு கிழமைக்கு மேல் அங்கே வைக்கக்கூடாது. இங்கேதான் பலர் கடனில் விழுகிறார்கள்: கவுன்சில் தரும் தற்காலிக இடத்தின் வாடகைக்கு யூனிவர்சல் கிரெடிட் வராது. ஹவுஸிங் பெனிபிட் என்ற வாடகை உதவிக்குத் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். அங்கே குடிபோகிற அதே கிழமையிலேயே போட்டுவிடுங்கள். பின்தேதியிட்டு ஒரு மாதத்துக்கு மேல் தரமாட்டார்கள்.

நிரந்தரக் கவுன்சில் வீட்டுக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும், இடையில் தனியார் வீடொன்றையே தரலாம். தருகிற இடம் பொருத்தமில்லை என்று பட்டாலும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், கடமை அத்தோடு முடிந்துவிடக்கூடும். ஏற்றுக்கொண்டு போய் இருந்தபடியே 21 நாளுக்குள் மீளாய்வு கேட்கலாம். அதற்குச் சட்ட உதவி கிடைக்கக்கூடும், வீட்டுப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை தரும் ஷெல்டர் அமைப்பிடம் கேளுங்கள். முதல் நேர்காணலுக்கே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள். 11 வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்கவேண்டாம்.