வயது போன காலத்தில் சின்னக் கவலைக்கும் மனம் பதறுகிறது, ஜெபித்தும் போகவில்லை. விசுவாசம் குறைந்துவிட்டதா?

இல்லை. உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது அந்தக் கடைசி வரிதான். கவலை ஒரு பாரம், கவலைப்படுகிறோமே என்ற குற்ற உணர்வு அதற்கு மேல் இன்னொரு பாரம். அந்த இரண்டாவதை முதலில் இறக்கி வையுங்கள். கெத்செமனேயில் ஆண்டவரே "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். அதை யாரும் விசுவாசக் குறைவு என்று சொல்வதில்லை.

அதுவும் கொழும்பில் இருக்கிற எங்களுக்குப் பதற்றம் வராமல் இருந்தால்தான் அதிசயம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்பு சீயோனிலும் தேவாலயங்களுக்குள் குண்டு வெடித்ததற்குப் பிறகு, ஆராதனை நடுவில் வாசல் பக்கம் கண் போகாதவர்கள் எத்தனை பேர்? பிறகு கொரோனா, 2022இல் கேஸுக்கும் மருந்துக்கும் அலைந்த அலைச்சல். வயது போகப் போக இதெல்லாம் மனதை விட்டு லேசில் இறங்காது.

நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில் இருக்கிறேன். என் கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் டொரன்டோவில். அவன் காலையில் வேலைக்குப் போகிற வழியில் எடுப்பான். இங்கே அப்போது பின்னேரம். அழைப்பு வராத நாளில் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலுக்கும் பல்கனிக்கும் நடப்பேன். வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தான் என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பனியில் கார் சறுக்கியிருக்குமோ, காய்ச்சலோ என்று மனம் ஓடும். "ஆண்டவரே, பிள்ளையைக் காத்தருளும்" என்று ஜெபித்தாலும் அடங்காது.

அப்படியான ஒரு நாள் கதிரையில் உட்கார்ந்து, "உனக்கு உண்மையில் என்ன பயம்?" என்று என்னையே கேட்டேன். விபத்து என்றது மனம். சரி, அதற்கும் கீழே? கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வந்தது: அவனுக்கு இனி நான் தேவையில்லையோ, கடைசியில் தனியாகக் கிடப்பேனோ. அதைக் கண்டுகொண்டதும் ஜெபமே மாறிவிட்டது. "முதிர்ந்த வயதில் என்னைத் தள்ளிவிடாமலும்" என்று 71ஆம் சங்கீதக்காரன் கேட்டது அப்படியே என் வேண்டுதலாயிற்று. கண்ணீரும் வந்தது, மூச்சும் சீராயிற்று. அப்புறம் கீழ்மாடி அக்கா வீட்டுக்குப் போய் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்தேன். தனிமைதான் நோவு என்று தெரிந்தால் அதற்கு ஏற்ற காரியத்தையும் செய்யலாம்.

தன்னைக் கவனிப்பது வேறு, விசுவாசம் வேறு என்று நான் நினைப்பதில்லை. "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?" என்று 42ஆம் சங்கீதம் தன் மனதையே நிறுத்திக் கேட்கிறது. "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்ற பேதுருவின் வசனம் எங்கள் வீடுகளில் கலண்டரிலேயே இருக்கும். அதற்கு அடுத்த வசனமோ "தெளிந்த புத்தியுள்ளவர்களாயிருங்கள், விழித்திருங்கள்" என்று தொடங்குகிறது. எதை வைக்கிறோம் என்று தெரியாமல் வைக்கப் போனால், பாதி நம் கையிலேயே தங்கிவிடுகிறது.

உடம்பையும் இதே தெளிவோடு பாருங்கள். சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு, சில குளிசைகளாலும் இன்சுலினாலும் சாப்பாடு பிந்தினால் இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், கை நடுங்கும். பயம் வந்த மாதிரியேதான் இருக்கும். அந்த நேரம் முதலில் சீனியைச் சோதியுங்கள், குறைந்திருந்தால் உடனே இனிப்பாக ஏதாவது குடியுங்கள், ஜெபம் பிறகு. உபவாச ஜெபத்துக்குப் போகிறவர்கள் டொக்டரிடம் கேட்காமல் பட்டினி இருக்கவே கூடாது. இதைச் சபைகளில் இன்னும் உரத்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆதங்கம். தைரொயிட் கூடினாலும் இதே படபடப்பும் தூக்கமின்மையும் வரும், ஒரு இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கரண்ட் பில், கிளினிக் திகதி மாதிரியானவற்றைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் அவை கவலையிலிருந்து வேலையாகிவிடும்.

கிழமைக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாட்டில் மனமில்லை என்றால் டொக்டரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு வீட்டிலிருந்தே எடுத்தும் பேசலாம். "இன்னும் ஜெபித்தால் சரியாகிவிடும்" என்று சபையில் யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். பிரஷருக்குக் குளிசை போடும்போது அவர்கள் அப்படிச் சொல்வதில்லையே.